மூன்று தண்ணீர் மாற்றிய கிண்ணங்கள்

ஓக் கொட்டையின் தலையில் தொப்பிபோல ஒட்டியிருக்கும் சின்னக் கிண்ணத்தைப் பலெர்மோவில் யாரும் குனிந்து எடுப்பதில்லை. எனக்கு அது ஒரு பை நிறையத் தேவைப்பட்டது. முன்பு தோல் பதனிட்டவர்கள் அந்தக் கிண்ணங்களை இடித்து ஊறவைத்து, அந்தத் துவர்நீரில்தான் தோலைப் போட்டு வைத்தார்கள். துணிக்கும் அதிலேயே சாயம் ஏற்றினார்கள். அப்படிச் சாயமேற்றிய துணியைக் காட்டுவதுதான் கலைக் கல்லூரியில் என் இறுதித் தேர்வு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். தோற்பதாக இல்லை.

அம்மா பக்கத்து ஊரான பகேரியாவில், சிஞ்ஞோரா என்று அழைக்கும் ஓர் இத்தாலிய அம்மையாரின் வீட்டில் வேலை செய்கிறார். அந்தத் தோட்டத்து ஓக் மரத்தடியில் கிண்ணங்களைப் பொறுக்கி, பலெர்மோவின் சீசா பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். தேர்வுக்கு மூன்று நாள் இருக்கையில் இடித்துக் கொதிக்கவைத்தேன். தேத்தண்ணிக் கோப்பை கழுவிய நீர்போல ஒரு மங்கல்தான் துணியில் ஏறியது.

"அம்மா, இதை என்ன செய்தனீங்கள்?"

"கழுவினனான். ஒண்டைக் கடிச்சுப் பாத்தன், ஒரே கயர்ப்பு, வாயை இழுத்துப் பிடிச்சுது. சுடுதண்ணியிலை ஊறப்போட்டு மூண்டு தரம் தண்ணி மாத்தி ஊத்தினனான்."

"அந்தக் கயர்ப்புத்தான் எனக்கு வேணும்!"

"அதை முதலே சொல்லியிருக்கலாமே, படிச்ச பிள்ளை."

மறுநாள் விடியற்காலை ரயிலில் அம்மாவோடு பகேரியா போனேன். தோட்டக்காரர் மரத்தடியில் உதிர்ந்த எல்லாவற்றையும் கூட்டி ஒரு மூலையில் குவித்திருந்தார். ஈரச் சருகுக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். வேலை தொடங்கும்வரை அம்மாவும் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"மண்ணையாவது தட்டலாமோ?"

"ஓம். மண்ணை மட்டும்."

அன்று மாலை துணி நல்ல பழுப்பாக வந்தது. துருவின் இரும்பு சாயத்தைக் கறுப்பாக்கும் என்பதால், அதே சாயமேறிய இன்னொரு துண்டைத் துருப்பிடித்த ஆணிகள் ஊறிய நீரில் முக்கினேன். அது கறுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது.

தேர்வில் மூன்று துணிகளையும் விரித்தேன். மங்கியதைத் தொட்டு, சரியாக வராததை ஏன் கொண்டுவந்தாய் என்று பேராசிரியை கேட்டார்.

"இது என் அம்மா கழுவிய கிண்ணங்களில் எடுத்த சாயம். துவர்ப்புப் போனால் சாயம் பிடிக்காது என்பதற்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை."

அவர் அந்தத் துண்டைத்தான் வெகுநேரம் கையில் வைத்திருந்தார்.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"பாஸ், அம்மா."

"எந்தத் துணிக்கு?"

"மூண்டுக்கும்."

"நான் கழுவினதுக்குமோ?"

"ஓம்."

"பின்னை? நல்லாத்தானே கழுவினனான்!"