திரும்பி வந்த பிளம் கேக்

ஓவனுக்குள் கேக்கை வைத்துவிட்டு நிற்கிறவனும் பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவனும் ஒரே இனம். இருவராலும் ஆகக்கூடிய காரியம் ஒன்றும் கிடையாது, ஆனால் இடத்தைவிட்டு நகரவும் முடியாது. நல்ல காரியத்துக்கென்று கேக் சுட ஒப்புக்கொண்டு மாட்டிக்கொண்ட என் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவன். மனைவி யசோதா கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமானதும் துணிப்பெட்டியும் ஒரு ஓவனுமாக அவளோடு வந்து சேர்ந்தேன். இந்த நாட்டில் நான் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது என்று விசாவில் இருந்தது. கேக் சுடக் கூடாது என்று இல்லை.

நான் வந்த வருஷக் கோடையில் அடித்த காற்றில் எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தின் கூரைத் தகடுகள் பறந்துபோயின. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றது நிர்வாகம். மழையோ அடுத்த மாதமே வந்துவிடும். அதுவரை தாய்மார்கள் குழந்தைகளைத் தேயிலைக் காட்டுக்கே தூக்கிப்போய், மரக்கிளையில் தூளி கட்டிப் போட்டுவிட்டு இலை பறித்தார்கள். எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் கீழே தொழிலாளர் லயத்தில் இருந்த செல்வராணியின் மகனுக்கு இளைப்பு உண்டு. மழை பிடித்தால் அவள் வேலையை விட வேண்டும், அல்லது பிள்ளையை நனையவிட வேண்டும். யசோதா ஒரு ராத்திரி சாப்பாட்டை அளைந்துகொண்டே இதைச் சொன்னாள். நான் வீராவேசமாக, “கேக் விற்றுக் கூரை போடலாம்” என்றேன். மறுநாள் காலை அந்தச் செய்தி எஸ்டேட் முழுக்கப் பரவிவிட்டது, இனி பின்வாங்க வழியில்லை.

மலைக்குப் பிடிக்காத பக்குவம்

பினாங்கில் என் கேக் கண்ணை மூடிக்கொண்டு செய்தாலும் உப்பும். இங்கே முதல் கேக் ஓவனுக்குள் ஜோராக எழும்பியது. நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக் குதித்தேன், யசோதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வந்து குனிந்த நேரத்தில் நடுப்பகுதி தொப்பென்று உள்ளே இறங்கியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கேக்கைத் தூக்கிப் பார்த்தால் சோறு போட்டுச் சாப்பிடுகிற அளவுக்குக் குழி.

“இங்கே பருப்பு வேகவே எவ்வளவு நேரமாகுதுன்னு தெரியுமில்ல? உங்க கேக்குக்கு மட்டும் மலை தெரியாதா?” என்றாள் யசோதா. அப்புறம்தான் உறைத்தது. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, மாவு அவசரப்பட்டு எழும்பி, வேகும் முன்பே விழுந்துவிடுகிறது. பேக்கிங் பவுடரைக் குறைத்து, மாவைக் கொஞ்சம் கூட்டி, சூட்டையும் ஏற்றி, ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். விழுந்த கேக்குகளைத் தின்னும் பொறுப்பைச் செல்வராணி ஏற்றுக்கொண்டாள். சின்ன வயசில் குடும்பத்தோடு இலங்கையிலிருந்து வந்தவள் அவள், யாரையும் நோகச் சொல்ல மாட்டாள். குழி விழுந்த கேக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “நல்லாத்தானே இருக்கு அண்ணே, ஜாம் ஊத்துறதுக்கு எடம் விட்டுச் சுட்டிருக்கீங்க.”

டீ மேக்கரின் மூக்கு

கேக் வசப்பட்டதும் பிஸ்கெட்டில் இறங்கினேன். பனி மூட்டம் வீட்டுக்குள் நுழைகிற ஊரில் பிஸ்கெட்டை வெளியே வைத்தால் சாயங்காலத்துக்குள் ஈரத்துணிதான். எனக்கு ஒரு அபாரமான யோசனை தோன்றியது. டீ ஃபேக்டரியில் தூள் காய வைக்கிற டிரையர் பக்கம் எப்போதும் கதகதவென்று இருக்கும். அன்று தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீ மேக்கர் நஞ்சன், தன் படுகர் கிராமமான ஹட்டியில் ஏதோ விசேஷம் என்று லீவு. வாட்ச்மேனிடம் நைசாகப் பேசி, வெண்ணிலா மணக்க மணக்கத் தட்டுகளைக் கொண்டுபோய் அடுக்கினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

நஞ்சன் சீக்கிரமே திரும்பிவிட்டார். வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. மூக்கை மட்டும் முன்னால் அனுப்பினார். தேயிலைத் தூள் பக்கத்தில் இருக்கிற எந்த வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும், அதனால் அங்கே வேலை செய்கிற பெண்கள் மல்லிகைப்பூகூட வைத்துக்கொண்டு உள்ளே போவதில்லை என்பது எஸ்டேட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாதாம். கூரை போடக் கிளம்பியவன் ஃபேக்டரிக்கே வேட்டு வைத்துவிட்டேனோ என்று பயம். நல்லவேளை, அன்றைய தூள் முன்பே மூட்டை கட்டி வேறு அறைக்குப் போயிருந்தது. நஞ்சன் தட்டுகளைத் தானே வெளியே தூக்கி வைத்தார். ஒரு பிஸ்கெட்டை எடுத்து மென்றார், முகம் மாறவில்லை. “ஏனுங்க சார், நம்ம தூளை மோந்து பாத்து வாங்கற ஆளு, இது தேயிலையா பிஸ்கோத்தான்னு கேட்டா நான் என்னங்க பதில் சொல்லட்டும்?”

விரத நாள்

விற்பனைக்கு சர்ச் மைதானத்தைக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து நானே நாள் குறித்தேன். முந்தின நாள் யசோதா காலண்டரைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, மறுநாள் கிருத்திகை. எஸ்டேட்டில் பாதிப் பேர் முருகனுக்கு விரதம். என்னிடமிருந்தது அத்தனையும் முட்டை போட்ட கேக். மூக்கால் அழுதேன். யசோதா முட்டைக்குப் பதிலாகத் தயிரை எடுத்து என் முன்னால் வைத்தாள். கிடைத்த பாத்திரத்தில் எல்லாம் முட்டையில்லாத கேக் வெந்தது.

காலையில் மைதானத்தில் கூட்டம். முட்டையில்லாத மேசையில் ஈ மொய்ப்பதுபோல் ஜனம். முட்டை மேசையில் நான் மட்டும். நெற்றி நிறைய விபூதியோடு ஒரு கோயமுத்தூர்க்காரர் வந்தார். அருவங்காடு வெடிமருந்து ஃபேக்டரியில் கிளார்க், லீவுக்கு மாமனார் வீட்டுக்கு வந்தவர். கேக்கை மோந்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கேக்கைப் பார்த்தார். “முட்டை போட்டதுங்களா? அப்பச் சரி, ரெண்டு கட்டிக் குடுங்க, நாளைக்குத் தின்னுக்கறேன். விரதத்துக்கு நாளைக்கு லீவுதானுங்க.”

ஏலம்

கடைசியில் என் பெரிய பிளம் கேக் ஏலத்துக்கு வந்தது. கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. சர்ச் உபதேசியார் மேசைமேல் ஏறி விலை கூவினார். விலை ஏற ஏற நான் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். நஞ்சன் எடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் பணத்தைக் கட்டினார், கேக்கை வாங்கினார், ஒரு விநாடி பார்த்தார், அப்படியே உபதேசியாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். என் முகம் செத்துவிட்டது. மறுபடி ஏலம். விபூதிக்காரர் எடுத்தார். அவரும் திருப்பிக் கொடுத்தார். அடுத்து எஸ்டேட் ஸ்கூல் ஹெட்மாஸ்டர், அவரும்.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கேக்கைப் பிடுங்கினேன். “மன்னிச்சிடுங்க, எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்திடறேன், நல்ல கேக் வேற சுட்டுத் தரேன்” என்றேன். மைதானமே சிரித்தது. யசோதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உபதேசியார் குனிந்து என் கையிலிருந்து கேக்கை மெதுவாக வாங்கினார். “தம்பி, கேக்கு மோசமுன்னா மொத ஆளே ஊட்டுக்குக் கொண்டுபோயிருப்பாருங்க. தின்னுட்டா ஏலம் முடிஞ்சு போகுமில்லீங்க? புள்ளைங்க கூரைக்கு இன்னுங் கொஞ்சம் சேரட்டும்.”

கேக்கை எடுத்தவர்கள்

இந்தப் பக்கத்து வழக்கமே அதுதானாம். நான் அசட்டுச் சிரிப்போடு ஓரத்தில் நின்றேன். அதற்குப் பிறகு கேக் எத்தனை கை மாறியது என்று எனக்குத் தெரியாது, கைதட்டிக் கைதட்டி என் உள்ளங்கை சிவந்துவிட்டது. கூரைக்குப் போதும், தச்சுக் கூலிக்கும் போதும் என்று யசோதா தூரத்திலிருந்து சைகை செய்தபோது வெட்கமில்லாமல் அழுதேன்.

தூறல் விழ ஆரம்பித்தது. கடைசி முறை உபதேசியார் கூவியபோது இலை பறிக்கிற பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு சின்ன விலை கேட்டார்கள். நஞ்சன் வாயைத் திறக்கவில்லை. ஹெட்மாஸ்டர் வானத்தைப் பார்த்தார். அவர்களுக்கு மேலே கேட்க ஒருத்தரும் இல்லை. மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு செல்வராணி முன்னால் வந்து கேக்கை வாங்கினாள். உபதேசியார் பழக்கதோஷத்தில் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். அவள் ஒரு அடி பின்னால் போனாள். “இல்லைங்கய்யா, நாங்க திருப்பித் தர மாட்டம். புள்ளைங்களுக்குப் பசிக்குது.”

தகரத்தின்மேல் மழை

தகடு ஏற்றி ஆணி அடித்து முடித்த மறுநாள் மழை கொட்டியது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு காப்பகத்துக்கு ஓடினேன். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. செல்வராணியின் மகன் கம்பளிக்குள் கதகதப்பாக உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு அந்தக் கூரையையே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. தகரத்தின்மேல் மழை அடித்த அடியில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா என் காதருகே வந்து கத்தினார்: “கூரை போட்டுட்டீங்க, சந்தோசமுங்க. இந்தச் சத்தத்துல ஒரு புள்ளயும் தூங்க மாட்டீங்குது, அடியில பலகை அடிக்க எப்பங்க கேக்கு சுடறீங்க?”

நல்ல காரியத்துக்காக ஒரு தடவை கேக் சுட்டுக் கொடுத்தவன் அதற்குப் பிறகு அந்த ஊரில் சும்மா இருந்ததாகச் சரித்திரமே கிடையாது.