கம்பத்தில் கட்டிய லிதுவேனியச் சொல்

வெள்ளவத்தையில் பெயர்ப்பலகை அச்சடிக்கும் சின்னக் கடை ஒன்றைத் தனியாக நடத்துகிறேன். போன வருடம், கடற்கரை வீதியில் விடுதி வைத்திருக்கும் அக்கா ஒருவர் வந்தார். லிதுவேனியாவிலிருந்து சிலர் வந்து தங்கப்போகிறார்கள், எதிரே உள்ள கடல் ஆட்களை உள்ளே இழுக்கிறது, அவர்கள் மொழியிலேயே ஓர் எச்சரிக்கைப் பலகை வேண்டும் என்றார். அந்த மொழி தெரிந்த ஆள் இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்றேன்.

அப்படி யாரும் இல்லை. 'ஆபத்தான நீரோட்டம்' என்பதற்குரிய ஆங்கிலச் சொற்களைப் போனில் அடித்து, வந்த இரண்டு சொற்களைச் சிவப்பு எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தேன்.

நாலாம் நாள் அக்கா அவசரமாக வரச்சொன்னார். விடுதி விறாந்தையில் ஐம்பது வயதிருக்கும் லிதுவேனியப் பெண் ஒருவர் துவாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்கால் இரண்டும் பாறையில் உரசிக் கிழிந்திருந்தன. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இருவர்தான் அவரைக் கரைக்கு இழுத்து வந்தார்களாம்.

பலகையை மின்கம்பத்தில் கட்டியிருந்தார்கள். பலகையில் இருந்த 'ஸ்ரோவே' என்ற சொல்லுக்கு அவருடைய மொழியில் தண்ணீரின் ஓட்டம் என்று அர்த்தம். மின்சாரத்துக்கும் அதே சொல்தான். கம்பத்தைத் தொடக்கூடாது என்று விளங்கிக்கொண்டு, அதைச் சுற்றி விலகிப் போய்க் கடலில் இறங்கியிருக்கிறார்.

அவர் கோபப்படவில்லை. யார் எழுதியது என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். கொள்ளுப்பிட்டியில் ஒருவர் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. இந்த ஊரில் தன் மொழி தெரிந்தவரா, பார்க்க முடியுமா என்றார். வெளிநாடு போய்விட்டார் என்றேன். உடனே ஒரு தாளில் 'அட்கலினே ஸ்ரோவே' என்று எழுதி, கரையிலிருந்து பின்னோக்கிப் போகும் ஓட்டம் என்று அர்த்தமும் சொன்னார். பலகைக்கு எழுதியவர் திரும்பி வந்ததும் அதை அவரிடம் கொடுக்கும்படியும், அவரை ஏசவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அந்தத் தாளை வாங்கும்போது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அன்று பின்னேரமே புதுப் பலகை செய்து, மணலில் தனிக் கம்பு நட்டு நானே கட்டினேன். பிறகு அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்.

"எனக்கு அப்பவே விளங்கினது," என்றார் அவர். "என்னட்ட சொல்லி என்ன? அவவிட்ட போய்ச் சொல்லுங்கோ."

அந்தப் பெண் மேல்மாடியில்தான் இருந்தார். படிக்கட்டுவரை போனேன். காலையில் சொல்லலாம் என்று திரும்பிவிட்டேன். காலையில் போனபோது அவர்கள் கண்டிக்குப் புறப்பட்டிருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து அக்காவிடம் மின்னஞ்சல் முகவரி வாங்கி, கொள்ளுப்பிட்டியில் யாருமில்லை, எழுதியது நான்தான் என்று அனுப்பினேன். பதில் வரவில்லை. வரவேண்டுமென்று எதிர்பார்க்க எனக்கு முகமுமில்லை.