முதல் பெஞ்சுக்குப் பின்னால் நின்றவர்

தருமபுரி பேருந்து நிலையத்தில் பாலக்கோடு பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது போன் வந்தது. "அப்பா போயிட்டாருங்க மாமா" என்றாள் ஆரோக்கியத்தின் மகள். அவரைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தேன். ஒரு நாள் முந்தியிருக்கக் கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

எண்பதுகளில் ஆரோக்கியமும் நானும் பாலக்கோட்டில் போட்டோ ஸ்டுடியோ நடத்தினோம். அந்த ஊரில் பலர் வீட்டு ஆல்பத்தில் அவர் எடுத்த படம் இருக்கும். கல்யாண மேடையில் புரோகிதரையே நகரச் சொல்கிற ஆள் நான். ஆரோக்கியம் போகிற தேவாலயத்தில் அது நடக்காது. முதல் பெஞ்சைத் தாண்டிக் கேமரா வரக்கூடாது என்பது அன்றைய சாமியாரின் கட்டளை. அப்போதுதான் ஆரோக்கியத்தின் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. இடுப்பு முறிந்து படுக்கையில் கிடந்த அவர் அப்பா, "தாலி ஏறும்போது அவ மூஞ்சிய எனக்குக் காட்டிடு, போதும்" என்று கேட்டிருந்தார். எங்கள் சாதாரண கேமராவில், அவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தால் பெண் சுண்டுவிரல் அளவுதான் தெரிவாள்.

பெங்களூரில் பழைய ஜூம் லென்ஸ் ஒன்று மலிவாகக் கிடைத்தது. உள்ளே லேசாகப் பூஞ்சை. "நல்லதா வர வரைக்கும் பொறுப்போம்" என்றேன். "அதுவரைக்கும் எங்கப்பா பொறுப்பாரா?" என்றார். தெருவை நோக்கி நேராகப் பிடித்து, எதிர்க்கடை போர்டைப் படித்துப் பார்த்து, பெரிய கெட்டிக்காரர்கள்போல வாங்கி வந்தோம். மேலே தூக்கிப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை.

கல்யாணத்தன்று பார்த்தால், தாலி கட்டுகிற பீடமோ ஆறு படி உயரம். ஆரோக்கியம் கேமராவை மேல்நோக்கித் தூக்கியதும் லென்ஸின் வளையம் தானாக நழுவி, முகம் சின்னதாகிப் போனது. இழுத்துப் பிடித்தால் கை ஆடியது. சாமியார் தாலியை ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார். "பெஞ்சத் தாண்டி உள்ள போயிடு, திட்டுனா வாங்கிக்கலாம்" என்றேன். ஆரோக்கியம் அசையவில்லை. பெஞ்சின் முனையில் அலங்காரத்துக்குக் கட்டியிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்து, வளையத்தை இறுக்கிக் கட்டினார். முடிச்சு விழவும் தாலி ஏறவும் சரியாக இருந்தது. எடுத்தது ஒரே படம்.

பூஞ்சையால் படம் கொஞ்சம் மங்கல்தான். அவர் அப்பா அதை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, "அழுவறா பாரு கழுத" என்று சிரித்தார்.

நானாக இருந்தால் உள்ளே போயிருப்பேன் என்றேன் பிறகு. "கிட்ட போறவனெல்லாம் பாத்துடறதில்லப்பா" என்றார் ஆரோக்கியம்.

அடக்கப் பூசையில் இப்போதைய சாமியார், "முன்னால வாங்கய்யா, பக்கத்துல நின்னு பாருங்க" என்று கூப்பிட்டார். மகள் எனக்கென்று கொடுத்த அந்த லென்ஸ், வெளுத்துப்போன ரிப்பனோடு கையில் இருந்தது. நான் முதல் பெஞ்சுக்குப் பின்னாலேயே நின்றேன். ஆரோக்கியத்தின் முகம் அங்கிருந்தே நன்றாகத் தெரிந்தது.