நண்டுக்கு டிக்கெட்

விராலிமலையிலிருந்து மணமேல்குடிக்கு நேர் பஸ் கிடையாது. புதுக்கோட்டையில் மாறி, அறந்தாங்கியில் மாறி, மூன்றாவது பஸ்ஸில்தான் கடல் பக்கம் போக முடியும். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன்.

எனக்கு நான்குவழிச் சாலை ஓரத்தில் டிபன் கடை. அன்றைக்கு அடுப்பை வீட்டுக்காரி பார்த்துக்கொண்டாள். என் கையில் ஒரு துணிப்பை, ஒரு மரத் துடுப்பு. படகுத் துடுப்பு இல்லை. அண்டாவில் குழம்பு கிண்டுவது. என் நெஞ்சு உயரம் இருக்கும்.

பஸ் நிறுத்தக் கூரையில் ஒரு மயில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். நாங்கள் பஸ் வருகிறதா என்று பார்த்தோம்.

புதுக்கோட்டைக்கு முப்பத்தைந்து ரூபாய். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தார். துடுப்பைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க டிவியில தலையாட்டுறவருதானே?"

ஆமாம் என்றேன்.

"அப்ப துடுப்புக்கும் ஒரு டிக்கெட் போட்டுருவமா?"

கேட்டுவிட்டு அவரே சிரித்தார். முன் சீட்டில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு புரிய வேண்டுமானால் அடைக்கலம் அண்ணனைத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.

அண்ணன் மணமேல்குடிக்காரர். கல்யாணச் சமையல் செய்தவர். எங்கள் பக்கத்து கேபிள் டிவியில் ஞாயிறு தோறும் மத்தியானம் மீன் குழம்பு வைத்துக் காட்டுவார். காட்டுவது கொஞ்சம், பேசுவது நிறைய. ஆறு வருஷம் ஓடியது. நான் பின்னால் நின்று துடுப்புப் போடுவேன். ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசச் சொல்லிக் கேட்டதுமில்லை.

"ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெய்" என்பார். கேனைச் சாய்ப்பார். ஒரு கதையை ஆரம்பிப்பார். கதை முடிகிற வரைக்கும் எண்ணெய் விழுந்துகொண்டிருக்கும். "இந்த ஸ்பூன் எங்க மாமியா வீட்டுச் சீதனம், கொஞ்சம் பெருசு" என்பார். கடைசியில் நான் ருசி பார்க்க வேண்டும். கரண்டியை என்னிடம் நீட்டிவிட்டு என் முகத்தையே பார்ப்பார். நன்றாக இருந்தால் ஒரு தடவை தலையாட்டுவேன். அதற்கு மேல் எனக்கு வராது. "ஆட்டிட்டான். இவன் பொண்டாட்டி சமையலுக்கு இன்னும் ஆட்டல. அந்தப் புள்ள காத்துக்கிட்டு இருக்கு" என்பார். வாரா வாரம் இதைச் சொன்னார். வாரா வாரம் சிரித்தார்கள்.

ஒரு தடவை டிவிக்காரர்கள் அவரிடம் கொஞ்சம் நல்ல தமிழில் பேசுங்கள் என்றார்கள். அடுத்த வாரம் செய்தி வாசிக்கிறவர் மாதிரி விறைப்பாகப் பேசினார். மீனைச் சட்டியில் போடாமலே நிறுத்திவிட்டார். மீன் பயந்துபோச்சு, நம்ம பேச்சா இருந்தாத்தான் எறங்குவேங்குது என்றார். அதோடு விட்டுவிட்டார்கள்.

போன மாசியில் அவருக்கு நெஞ்சு வலித்தது. அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனோம். நானும் கூட இருந்தேன். ஆஸ்பத்திரி வரை உயிர் தாங்கவில்லை.

இப்போது வருஷம் திரும்பிவிட்டது. சைவப் படையல் முதல் நாளே முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கவிச்சிப் படையல். அவருக்குப் பிடித்ததை வைத்துக் கும்பிட்டுவிட்டுச் சொந்தக்காரர்கள் சாப்பிடுவது. மதினி, அதாவது அண்ணன் சம்சாரம், ஒரு வருஷமாக மீன் தொடவில்லை. அன்றைக்குத்தான் மறுபடியும் தொடுவார். அந்தக் குழம்பை நீதான் வைக்க வேண்டும் என்று எனக்குப் போன் செய்தார். சரி என்றேன்.

ஏழு மணிக்குப் புதுக்கோட்டை. டீ குடித்தேன். ஆலங்குடி வழியாக அறந்தாங்கி போகிற பஸ் நின்றது. நேர்வழிப் பஸ் சீக்கிரம் போகும். ஆனால் திருவரங்குளத்தில் ஓர் ஆள் ஏற வேண்டியிருந்தது. செல்வராசு. எங்கள் கேமராக்காரன். இப்போது கல்யாண வீடியோ எடுக்கிறான். கோயில் பக்கத்து நிறுத்தத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்றான். கேமரா இல்லாமல் அவனைப் பார்ப்பது ஒரு மாதிரி இருந்தது.

அவன் பக்கத்தில் உட்கார்ந்ததும் கேட்டது ஒன்றுதான்.

"சின்னையாண்ணே, படையல் கொழம்ப ருசி பாக்கக் கூடாதே. உப்புக்கு என்ன செய்வீங்க?"

போட்டுவிடுவேன் என்றேன். அவன் விடவில்லை. ஐம்பது பேருக்கான குழம்பு, கண்ணால் பார்த்து உப்பு சொல்ல முடியுமா என்று கேட்டான். பார்க்கலாம் என்றேன். அவன் ஆலங்குடி வரை செல்போனைப் பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு தூங்கிவிட்டான். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். கீரமங்கலம் பக்கம் தென்னையும் பூத்தோட்டமும் பச்சையாக இருந்தன. எங்கள் பக்கம் மாசியில் இந்தப் பச்சை கிடையாது.

அவன் கேட்டது நியாயம்தான். எனக்குச் சமைக்கத் தெரியும். அதில் சந்தேகமில்லை. ஆனால் கடையில் சாம்பாருக்கு உப்பு போட்டால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பேன். எல்லாரும் அப்படித்தான். படையலுக்கு அது ஆகாது. இறந்தவருக்கு வைக்கும் முன்னே வேறு நாக்கு படக் கூடாது.

அண்ணனோடு இருக்கும்போது உப்புக்கு வேறு வழி இருந்தது. அவருக்கு ஒரு நண்டுக் கதை உண்டு. ஒயர் கூடையில் உயிர் நண்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போன கதை. புளித்தண்ணீர் கொதிக்கும்போது அதைத்தான் சொல்வார். கதையில் பஸ் ஒரு ஸ்டாப்பில் நிற்கும்போதெல்லாம் நான் ஒரு பிடி கல்லுப்புப் போட வேண்டும். எங்களுக்குள் அதுதான் கணக்கு. நாலு பேருக்கான சட்டி என்றால் பஸ் எங்கும் நிற்காது, அரைப் பிடியோடு போய்விடும். ஊர்ச்சமையல் என்றால் போகிற வழியெல்லாம் நிற்கும். பார்க்கிறவர்கள், மனுஷன் கதையை வாரத்துக்கு வாரம் மாற்றுகிறாரே, மறந்துபோனார் போல என்பார்கள். அவர் மறக்கவில்லை. எத்தனை ஸ்டாப் என்று நான் எண்ணியதில்லை. அவர் நிறுத்தினார். நான் போட்டேன்.

பத்து மணிக்கு அறந்தாங்கி. ஆஸ்பத்திரிப் பக்கம் நான் பார்க்கவில்லை. பதினொன்றுக்கு மணமேல்குடி. இறங்கியதும் கருவாட்டு வாசம். வெயில் உப்புக் காற்றோடு சேர்ந்து முகத்தில் ஒட்டியது.

வீட்டுக் கொல்லையில் அடுப்பு மூட்டித் தயாராக இருந்தது. மீன் கொடுவா. காலையில் கரையிலேயே கிலோ ஐந்நூற்றைம்பதுக்கு எடுத்திருந்தார்கள். கண் தெளிவாக இருந்தது. மதினி வெளியே வந்தார். மெலிந்திருந்தார்.

"வாங்க தம்பி. இங்கிட்டு நெழல்ல உக்காருங்க. பஸ்ஸு கூட்டமா?"

இல்லை என்றேன். துடுப்பைப் பார்த்தார். மோர் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். அடுப்படி ஜன்னல் கொல்லையைப் பார்த்து இருக்கும்.

எண்ணெய் காய்ந்தது. வெந்தயம், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி. அதற்கெல்லாம் கண் போதும். மசாலா வதங்கிப் புளித்தண்ணீர் ஊற்றினேன். கொதி வந்தது. உப்புப் பானையைப் பக்கத்தில் இழுத்தேன்.

கை போகவில்லை.

கதையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மணமேல்குடியில் நண்டு ஏறியது. அடுத்த நிமிஷம் பேராவூரணியில் இறங்கிவிட்டது. மனதில் பஸ் எங்கும் நிற்க மாட்டேன் என்கிறது. குத்துமதிப்பாகப் போட்டிருக்கலாம். என் கடைச் சாம்பார் என்றால் போட்டிருப்பேன்.

செல்வராசு எதிரே கல்லில் உட்கார்ந்திருந்தான். ஆறு வருஷம் அந்த இடத்தில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தவன்.

"வாயத் தொறந்து சொல்லுங்கண்ணே. அவரு சொன்ன மாதிரி."

சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கொல்லையில் நின்றார்கள். எனக்குப் பேச்சு வராது. ஆனால் கொதிக்கிற குழம்பு காத்திருக்காது. ஆரம்பித்தேன்.

"மணமேல்குடி பஸ் ஸ்டாண்டு. அண்ணன் நண்டோட ஏறுறாரு. கண்டக்டர் கேக்குறாரு, கூடையில என்னய்யா. அண்ணன் சொல்றாரு, சொந்தக்காரன்."

ஒரு பிடி போட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

"ரேசன் கடை ஸ்டாப்பு. நண்டு கூடைக்கு வெளிய கைய நீட்டுது. கண்டக்டர் பாத்துட்டாரு. உசுரு இருந்தா டிக்கெட்டு உண்டுங்குறாரு. அண்ணன் சொல்றாரு, இதுக்கு அஞ்சு வயசு ஆகல. கம்பத்துல கோடு போட்டிருக்கில்ல, நிறுத்தி ஒசரம் பாத்துக்கங்க."

இரண்டாவது பிடி. ஒரு பெரியவர் சிரித்தார். பிறகு நாலைந்து பேர். நான் ஒன்றும் வேடிக்கை செய்யவில்லை. என் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று செல்வராசு பிறகு சொன்னான். அவர்கள் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தேன். அண்ணனும் காத்திருப்பார்.

"ஸ்கூல் ஸ்டாப்பு. கூட்டம் ஏறுது. நண்டு முன்சீட்டுக்காரரு இடுப்பப் புடிச்சிருச்சு. அவரு அசையல. பின்னால பொண்டாட்டி உக்காந்து கிள்ளுறான்னு நெனச்சுட்டாரு. பழக்கமாம்."

மூன்றாவது பிடி. இப்போது கொல்லை முழுக்கச் சிரித்தது. அடுத்த ஸ்டாப் எனக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்தது. அங்கே நின்றுவிட்டது. பஸ்ஸை நிறுத்தாமல் ஓட்டினேன்.

"கட்டுமாவடி" என்றேன். நாலாவது பிடியைப் போட்டேன். கண்டக்டர் இறங்கி ஓடியதும், நண்டு அவர் சீட்டில் ஏறி விசில் ஊதியதும் சொல்லி, பேராவூரணியில் பஸ்ஸை நிறுத்திவிட்டேன். ஐந்தாவது பிடி. உப்புப் பானையைத் தள்ளி வைத்தேன். மீன் தட்டை எடுத்தேன்.

அடுப்படி ஜன்னலில் மதினி நின்றார்.

"தம்பி, ஆஸ்பத்திரி ஸ்டாப்புல பஸ் நிக்கலையே."

கொல்லையில் சிரிப்பு நின்றது. நான் அண்டாவைப் பார்த்தேன். தெரியும் மதினி என்றேன்.

பிறகு மதினியே சொன்னார். அண்ணன் பேச்சு அப்படியே வந்தது.

"ஆஸ்பத்திரி ஸ்டாப்பு. முன்சீட்டுக்காரரு எறங்கி உள்ள போனாரு. நர்ஸம்மா கேட்டாங்களாம், என்ன கடிச்சதுன்னு. பொண்டாட்டின்னாராம். எத்தன வருசமான்னு கேட்டாங்களாம்."

முதலில் அவரே சிரித்தார். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் எல்லாரும்.

"போடுங்க தம்பி" என்றார்.

ஆறாவது பிடியைப் போட்டேன். தேங்காய் அரைத்ததை ஊற்றி, மீனை இறக்கி, அடுப்பைத் தணித்தேன்.

மத்தியானம் ஒன்றரைக்குப் படையல். அண்ணன் படத்துக்கு முன்னால் இலை போட்டுச் சோறு, குழம்பு, வறுத்த மீன், அவருக்குப் பிடித்த வெற்றிலை எல்லாம் வைத்தார்கள். சூடம் காட்டினார்கள். காக்கைக்கு வைத்துவிட்டு வந்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் துடுப்பைப் பிடித்தபடி வாசலில் நின்றேன்.

முதல் வாய் மதினிதான். யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் அவருக்காகக் கையைச் சோற்றில் வைத்தபடி இருந்தார்கள். மீனில் கொஞ்சம் பிட்டார். குழம்புச் சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தார். மென்றார். ரொம்ப நேரம் மென்ற மாதிரி இருந்தது. உப்பு கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா, அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் காது சுட்டது.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு தடவை தலையாட்டினார். மறுபடியும் சோற்றில் கை வைத்தார்.

அண்ணன் கரண்டியை நீட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்து நின்றதை டிவிக்காகச் செய்கிறார் என்றுதான் ஆறு வருஷமும் நினைத்திருந்தேன். அந்தக் காத்திருப்பு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இவ்வளவு காலம் கொஞ்சம் சீக்கிரமாக ஆட்டியிருக்கலாம்.

நானும் சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது.

நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினோம். மதினி ஒரு தூக்கில் குழம்பு ஊற்றித் துணியால் கட்டிக் கொடுத்தார். துடுப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அடுத்த மாசிக்கு எடுத்துக்கொண்டு வாங்க என்றார். செல்வராசு திருவரங்குளத்தில் இறங்கினான்.

எங்கள் ஊரில் கடல் கிடையாது. காற்றில் உப்பு இருக்காது. டீசல் புகையும் லாரிச் சத்தமும்தான். கடையை மூடும் நேரத்துக்கு வந்து சேர்ந்தேன். தூக்கை வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். அதை நாளைக்குச் சுட வைக்கலாம் என்று எடுத்து வைத்தாள். எனக்கு இட்லியும் தக்காளிச் சட்னியும் வைத்தாள். இருபது வருஷமாக வைக்கிற சட்னி. வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவத் திரும்பினாள்.

ஒரு வாய் வைத்தேன்.

"இந்தா" என்றேன். திரும்பினாள். தலையாட்டினேன். அது போதாது என்று தோன்றியது. "நல்லா இருக்கு" என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காச்சலா?" என்றாள்.