கனகராஜ் பதிவு செய்த குழாய்கள்

“அண்ணே, அடுத்த கடையடைப்பு எப்ப?”

ஊரில் வேறு யாரும் ஆசையாகக் கேட்காத கேள்வி இது. கேட்டவர் கனகராஜ், எங்கள் பள்ளியின் இயற்பியல் ஆசிரியர், ஆற்றுக்கு வடக்கே ஒரு தேவாலயத்தில், குழாய்களில் காற்றுப் புகுந்து ஒலிக்கும் பழைய ஆர்கனை வாசித்தவர். போன வாரம் அவர் மனைவி தொலைபேசியில், “அவுக போயிட்டாகண்ணே” என்றதும், முதலில் என் காதில் விழுந்தது அந்தக் கேள்விதான்.

கடையடைப்பன்று பஸ் ஓடாது, ஹாரன் கேட்காது. அன்றுதான் அவர் மைக் வைத்து, ஆர்கனின் குழாய்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்வார். நான்கைந்து வருடம் பிடித்தது. பிறகு அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மென்பொருள் ஒன்றின் வழியே கீபோர்டோடு இணைத்தார். கட்டையை அழுத்தினால் அந்தந்தக் குழாயின் குரலே வரும்.

ஒருநாள் துணைக்குப் போயிருந்தேன். ஒரு குழாய் புஸ்ஸென்று இரைந்தது. “இந்த இரைச்சலை நீக்கிரலாமே?” என்றேன்.

“டாக்டர்கிட்ட போறப்ப யாராச்சும் இருமலை மறைப்பாகளாண்ணே? ரிப்பேருக்கு வர்றவனுக்கு எங்க காத்து ஒழுகுதுன்னு தெரிய வேணாமா?”

ஆம், ஆர்கனைப் பழுதுபார்க்கத்தான் அத்தனை பாடும். அதற்குச் சம்மதம் வாங்கவே தேவாலயக் கமிட்டியார் முன் கம்ப்யூட்டரில் வாசித்துக் காட்டினார். செயலாளர் கை தட்டினார். “அப்படியே இருக்கே சார்! பெறகு எதுக்கு அம்புட்டு எடத்தை அடைச்சுக்கிட்டு அந்தக் குழாயெல்லாம்?”

பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்ததும் அசலைக் கிழித்துப் போடுகிறவர் உண்டா? இவர்கள் போட்டார்கள். விடைத்தாள் திருத்தக் கனகராஜ் வெளியூர் போயிருந்த வாரத்தில், குழாய்கள் லோடு ஆட்டோவில் பழைய இரும்புக் கடைக்குப் போயின. திரும்பி வந்தவர் வெறும் மரச்சட்டத்தின் முன் நின்றார். “ரொம்ப நல்லா வாசிச்சுத் தொலைச்சுட்டேண்ணே.” அதன்பின் அங்கே வாசிக்கவே இல்லை.

அடக்க ஆராதனையில் அதே செயலாளர் மைக்கைப் பிடித்து, “ஆர்கனைக் காத்த உத்தமர்” என்றார். எழுந்து ஒரு வார்த்தை சொல்லாமல் கைகட்டி உட்கார்ந்திருந்தேனே, அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

ஒரே ஒரு மரக்குழாய் தப்பியது. விரிசலை ஒட்டக் கனகராஜ் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். அவர் மனைவி அதை என்னிடம் தந்திருக்கிறார். ஒரு சாண் நீளம். ஒட்டிய இடத்தில் பசை சற்றுத் துருத்திக்கொண்டிருக்கிறது.

கனகராஜை அறிந்தவர்கள், செயலாளர் உட்பட, என் வீட்டுக்கு வாருங்கள். அதை வாயில் வைத்து, மெதுவாக ஊதிப் பாருங்கள்.