ஊருணியின் அடிக்களி

இதை எழுதாது விட்டால், மழை பொய்த்ததால்தான் எங்கள் ஊருணி கெட்டது என்று பின்வருவோர் நம்புவர். மழை பொய்க்கவில்லை. கெடுத்தவன் நான். தோட்டமுடையோர் எவரும் அப்பிழையை மீண்டும் செய்யலாகாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

மாரியூருக்கு அருகே, கடற்காற்றுப் படியும் மணற்பாங்கான ஊர் எங்களுடையது. கிணறுகள் யாவும் உவர். குடிப்பதற்கு ஊருணி ஒன்றே. கோடையில் அது வற்றியபோது தூர்வாரும் பொறுப்பை ஊரார் என்னிடம் ஒப்படைத்தனர். அள்ளும் வண்டல் என் தென்னைகளுக்கு உரமாகும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது.

இரண்டாம் நாள், கறுத்த வண்டல் தீர்ந்து மஞ்சட்களி தென்பட்டது. மண்ணள்ளும் எந்திரத்தை ஓட்டியவர் நிறுத்தினார். "களி வந்திருச்சுங்கய்யா. போதுமா?"

"இன்னும் ரெண்டு முழம் போகட்டும். ஆழம் கூடுனா தண்ணி கூடும்" என்றேன்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்மணி எழுந்து வந்தார். "ஏலே, நிப்பாட்டு. பானைக்கு அடியைப் பேத்துட்டு எதுல தண்ணி மொள்ளுவீக?"

"படிச்சவுக சொல்றாக ஆத்தா. நீ ஆட்டைப் பாரு" என்று ஓட்டுநர் சிரித்தார். நானும் சிரித்தேன். மாலைக்குள் களிக்குக் கீழிருந்த வெண்மணல் வெளிப்பட்டது.

ஐப்பசியில் ஊருணி கரைதொட நிரம்பியது. வைகாசிவரை நிற்கும் நீர் மார்கழியிலேயே மணல்வழி இறங்கிவிட்டது. அடியில் எஞ்சிய சிறிதும் உவர்த்தது. களியைக் கொட்டி நனைத்து, மாடுகளை விட்டு மிதிக்கச் செய்தோம். கசிவு குறைந்தது; நிற்கவில்லை.

ஆதலின் நிலமுடையோர் வண்டலை மட்டும் அள்ளுக. ஈரமண்ணைக் கையில் உருட்டுக; உதிராமல் கயிறுபோல் திரண்டால் அது களி. அங்கே நிறுத்துக. நீரைத் தாங்குவது அதுவே. தோட்டத்துக்கு மண் வேண்டின் வேறிடம் தேடுக.

அப்பெண்மணி இப்போது அடுத்த ஊருக்குக் குடங்களோடு தள்ளுவண்டி தள்ளிச் செல்கிறார். ஒருநாள் என் வாயிலருகே நின்று, "தென்னை நல்லா வருதாய்யா?" என்று கேட்டார். ஊருணி வண்டலில் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது.

களியின் கனம் ஒரு முழம் இருக்கும் என்பது என் நினைவே, அளந்ததன்று. மண்ணறிந்தோர் பிழை கண்டால் திருத்துக. அக்கசிவை முற்றும் அடைக்க இயலாது என்று நான் எண்ணுவது பிழையாயின், அதை முதலில் திருத்துக.