உப்புப் பார்க்காமல் வைத்த அயர்லாந்துக் குழம்பு

வீட்டில் பத்து வருடம் சமைத்த கையும் கடை அடுப்புக்கு முன்னால் போய் நின்றால் அன்றைக்கே அரிவரி வகுப்புக்குப் போய்விடும். அடுப்படியில் நிற்கிற அக்கா தங்கச்சிமாருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. மகளைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு, நாங்கள் குடிவந்த கிளென்ஃபீல்டில் ஒரு சின்னக் கபேயில் சமைக்கிறேன். முதலாளி நோரா அயர்லாந்துக்காரி. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்றார். எனக்கோ ஒரு சிக்கல். எங்களுக்கு வெள்ளிக்கிழமை மரக்கறிதான். அவருடைய கடையில் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு 'கொடில்'. பன்றி இறைச்சியும் சாசேஜும் போட்டு அவிப்பது. ருசி பார்க்காத சமையல்காரியை யார் வைத்திருப்பார்கள்? வேலை போய்விடும் என்ற பயத்தில் நான் வாயே திறக்கவில்லை.

கிழங்குத் தோசை

முதல் படித்தது பொக்ஸ்டி. பாதி உருளைக்கிழங்கை அவித்து மசிக்க வேண்டும். மற்றப் பாதியைப் பச்சையாகத் துருவி, துணியில் கட்டி, தண்ணீர் போகப் பிழிய வேண்டும். இரண்டையும் மாவு, மோர், உப்போடு பிசைந்து, தடித்த தோசை மாதிரி வெண்ணெயில் சுட வேண்டும். அவ்வளவுதான்.

பாத்திரம் கழுவுகிற செல்வி அக்கா மதுரைப் பக்கம். எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஒரு பச்சமிளகா போட்டா கடை இடிஞ்சா விழுந்துரும்?" என்றா. நானும் இரண்டே இரண்டை அரிந்து போட்டுவிட்டேன். தினமும் வருகிற பிளம்பர் ஷோனும் அயர்லாந்துக்காரர்தான். அன்றைக்கு அவர் முகம் செங்கல் நிறமானது. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். எழும்பி அடுப்படி வாசலுக்கே வந்தார். நான் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் இங்கிலிசில் சொன்னதை எங்கட தமிழில் எழுதுகிறேன்: "ஆரோ என்னோட கோவத்தில சுட்டிருக்கினம். இன்னும் ரெண்டு தாங்கோ."

கடல்பாசி

ஒரு நாள் நோரா காய்ந்த பாசிப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து, "இதைக் கண்டிருக்கவே மாட்டீர்" என்றார். நானா காணாதது? எங்கள் கடல்பாசி மாதிரித்தானே என்று தண்ணீரில் போட்டுக் கரையும் வரை கொதிக்க விட்டேன். அது கரைகிற சாதி இல்லை. பதினைந்து நிமிடம் ஊறவைத்து, பாலில் இருபது நிமிடம் மெல்லிய நெருப்பில் விட்டு, வடித்துப் பிழிந்து, சீனி போட்டு, புட்டிங் மாதிரிக் குளிரவைக்க வேண்டுமாம். அதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

நான் ஒரு மணித்தியாலம் கொதிக்க விட்டு, கிடைத்த பசையில் பாலைக் கலந்து வைத்தேன். மத்தியானம் நோரா கிண்ணத்தைக் கவிழ்த்தார். விழவில்லை. தட்டினார். அப்போதும் விழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "இதைப் பரிமாறுறதோ, குளியலறை ஓடு ஒட்டப் பூசுறதோ?"

கறுத்த சாசேஜ்

இனி அந்த வெள்ளிக்கிழமைக் கொடில். சாசேஜ், பன்றி இறைச்சி, வெங்காயம், கிழங்கு எல்லாவற்றையும் அடுக்கி, தண்ணீரும் மிளகுத்தூளும் போட்டு, மூடி இரண்டு மணித்தியாலம் சிறு நெருப்பில் விட வேண்டும். எதையும் பொரிக்கக் கூடாது. மூடியைத் திறந்தால் சாசேஜ் வெளிறிப்போய் வேகாதது மாதிரிக் கிடக்கும். எனக்கு மனம் கேட்கவில்லை. எடுத்து நன்றாகப் பொரித்துத் திரும்பப் போட்டேன். செல்வி அக்காதான் எனக்காகக் கள்ளமாக உப்புப் பார்த்துச் சொன்னா. ஒவ்வொரு வெள்ளியும் அப்படித்தான் சமாளித்தோம்.

ஷோன் தட்டைக் கன நேரம் பார்த்தார். பிறகு சாசேஜ் ஒன்றை முள்ளுக்கரண்டியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எங்கட ஊர்ச் சாசேஜ் வெயிலையே காணாதது. இது எந்தக் கடற்கரையில படுத்திருந்தது?"

செல்வி அக்கா வராத வெள்ளி

மூன்றாம் மாதத்தின் கடைசி வெள்ளி செல்வி அக்காவுக்குக் காய்ச்சல். நான் கண் மட்டத்துக்கு உப்புப் போட்டேன். உப்பில் ஊறிய பன்றி இறைச்சிக்கு உப்பே தேவையில்லை என்பது அந்தப் பதட்டத்தில் மறந்துபோனது. நோரா ஒரு கரண்டி வாயில் வைத்தார். முகம் சுருங்கியது. "நீர் ருசி பார்த்தனீரோ?" என்றார்.

தெரிந்த இங்கிலிசில், "வெள்ளிக்கிழமை நான் இறைச்சி சாப்பிடுறேல்லை. சாமிக்கு. மூன்று மாசமும் ருசி பார்க்கேல்லை" என்று சொல்லிவிட்டேன். நோரா கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, கத்தோலிக்கரான தன் அம்மாவும் வெள்ளிக்கிழமை இறைச்சி தொடமாட்டா, அதனால்தான் மிஞ்சியதை எல்லாம் வியாழன் இரவே கொடில் வைத்து முடிப்பா என்றார். இங்கே வெள்ளியில் ஆட்கள் கூடுதலாக வருகிறார்கள் என்று கிழமையை மாற்றினது அவரேதானாம். வெளியே போய், பலகையில் 'வெள்ளி' என்று இருந்ததை அழித்து 'வியாழன்' என்று எழுதினார்.

திரும்பி வந்து கிழங்கு மூட்டையை அவிழ்த்து, உப்பை இழுக்கக் குழம்புக்குள் போடவென்று உரிக்கத் தொடங்கினார். நானும் பக்கத்தில் நின்று உரித்தேன். என் வேலை என்ன ஆகும் என்று கேட்க வாய் வரவில்லை. அவர் தலை நிமிராமலே சொன்னார்: "திங்கட்கிழமை வந்து நிரந்தர வேலைக் கடதாசியில கையெழுத்து வையும். இண்டைக்கு மட்டும் அந்த உப்புப் போத்தலை என்னட்டத் தாரும்."

ஆக, வாய் திறக்கப் பயந்தவள் சமையல்காரியானால் கடைக்கு இரண்டு கிலோ கிழங்கு கூடுதலாகச் செலவாகும், வேறு பெரிய நட்டம் ஒன்றும் இல்லை.